ஆடி பிறக்கும் முன் சோன் ஃபைலைப் பாருங்கள்

டிஎன்எஸ் சர்வர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

சிவகாசி அச்சகங்கள் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடும். பட்டாசுக் கடைகளின் புது விலைப்பட்டியலும் அதை ஒட்டி வரத் தொடங்கும். அன்று முதல் தீபாவளி வரைக்கும் வெளியூர் ஆட்கள் கடைப் பெயரைப் போனில் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பெயருக்கு விடை வராவிட்டால் யாரும் கடைக்கார அண்ணாச்சியைக் கூப்பிட்டு விவரம் கேட்க மாட்டார்கள். அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். மின்னஞ்சலில் வரவேண்டிய காலண்டர் ஆர்டர் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். இந்த நஷ்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. அதனால்தான், பெயரைக் கேட்டால் அதன் இணைய விலாசத்தைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சின்ன வேலை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

விருதுநகர், சிவகாசி, கிருஷ்ணன்கோவில் பக்கத்துக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் படித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். டிஎன்எஸ்ஸில் தவறு நடக்கும் நேரமும் அது வெளியே தெரியும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. இன்று செய்த தவறு நாளை தெரியும். சில தவறுகள் இரண்டு வாரம் கழித்துத் தெரியும். டொமைனைப் புதுப்பிக்க மறந்த தவறு ஒரு வருடம் கழித்துத் தெரியும். கீழே நான் சொல்வதெல்லாம் அந்த இடைவெளியை மனதில் வைத்துச் சொல்வதுதான்.

1. உங்கள் சர்வர் எந்த வேலைக்காக நிற்கிறது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். டிஎன்எஸ் சர்வர் இரண்டு வகை. ஒன்று, தன் வசம் உள்ள டொமைன்களுக்குத் தானே விடை சொல்லும் மூல சர்வர். மற்றது, அலுவலகத்தில் இருப்பவர்கள் கேட்கும் பெயர்களை ஊரெல்லாம் விசாரித்துக் கொண்டுவந்து தருவது. அதை ரிசால்வர் என்கிறோம். பைண்ட் மென்பொருள் இரண்டையும் ஒரே மெஷினில் செய்யும். செய்யும் என்பதற்காகச் செய்யவிடாதீர்கள். இரண்டும் கலந்திருக்கும் சர்வரில் பழுது வந்தால், வந்த விடை, டொமைன் விவரங்களை நாம் எழுதி வைத்த சோன் ஃபைலில் இருந்து வந்ததா, பழைய கேஷில் இருந்து வந்ததா என்று பிரிப்பதற்குள் விடிந்துவிடும். தனித்தனியே வைக்க வசதி இருந்தால் அப்படியே வையுங்கள். ரிசால்வருக்கு அன்பவுண்ட், டொமைன் விடைக்கு என்எஸ்டி அல்லது பைண்ட் என்று பிரித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

கொஞ்சம் வரலாறும் தெரிந்திருக்கட்டும். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் இந்த முறையை வகுத்தார். அதற்கு முன் உலகத்துக் கணினிப் பெயர்கள் எல்லாம் ஒரே பட்டியலில் எழுதப்பட்டு, அந்தப் பட்டியலை எல்லோரும் நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். பட்டியல் பெருத்ததும் அது தாங்கவில்லை. அவரவர் பெயருக்கு அவரவரே பொறுப்பு என்று பிரித்துக்கொடுத்ததுதான் டிஎன்எஸ்ஸின் அடிப்படை. 1984-ல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர் எழுதியதுதான் பைண்ட். உங்களைப் போன்ற மாணவர்கள் எழுதியது. இன்று நீங்கள் திறக்கும் பைண்ட் 9 பிற்பாடு முழுதாகத் திருப்பி எழுதப்பட்டது.

2. கையை வைக்கும் முன் விடையைப் படியுங்கள். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை கற்றாகிவிட்டது.

“சைட் ஓப்பன் ஆகல” என்று போன் வந்தவுடன் சர்வரை ரீஸ்டார்ட் செய்கிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் கேஷில் இருந்த சாட்சியம் எல்லாம் அழியும். என்ன பழுது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. முதலில் டிக் கட்டளையை எடுங்கள். அது திருப்பித் தரும் நிலைக் குறியைப் பாருங்கள். என்எக்ஸ்டொமைன் என்றால் அந்தப் பெயரே இல்லை என்று அர்த்தம்: எழுத்துப் பிழையோ, ரெக்கார்டு அழிந்ததோ, டொமைன் காலாவதியானதோ. நோஎரர் என்று வந்து விடை காலியாக இருந்தால், பெயர் இருக்கிறது, நீங்கள் கேட்ட வகை ரெக்கார்டு இல்லை. ரெஃப்யூஸ்டு என்றால் சர்வர் உயிரோடு இருக்கிறது, உங்களுக்குப் பதில் சொல்ல மறுக்கிறது. அனுமதிப் பட்டியலைப் பாருங்கள், அல்லது அந்த சோன் அங்கே ஏறவே இல்லையா என்று பாருங்கள். சர்வ்ஃபெயில் வந்தால் சோன் ஃபைல் கெட்டிருக்கலாம், மூல சர்வர்கள் எட்டாமல் இருக்கலாம், விடை உண்மையானதா என்று சரிபார்க்க உதவும் டிஎன்எஸ்செக் கையெழுத்து பொருந்தாமல் போயிருக்கலாம். பதிலே வராமல் நேரம் கடந்தால் வழியில் தடை: ஃபயர்வால், கேபிள், அல்லது சர்வர் நின்றுபோயிருக்கிறது. ஐந்து நிலைக்கும் ஐந்து வேறு வைத்தியம். எல்லாவற்றுக்கும் ரீஸ்டார்ட் என்பது வைத்தியம் ஆகாது.

அடுத்து, எந்தப் படியில் விடை மாறுகிறது என்று தேடுங்கள். டிரேஸ் சேர்த்துக் கேட்டால் ரூட்டிலிருந்து டாட் இன், அங்கிருந்து உங்கள் டொமைன் என்று ஒவ்வொரு படியாக இறங்கிக் காட்டும். டாட் இன் பதிவேடு உங்கள் டொமைனுக்கு எந்த நேம் சர்வர்களைச் சொல்கிறது? அந்த ஒவ்வொரு சர்வரையும் பெயர் சொல்லித் தனித்தனியே கேளுங்கள். கேட்கும்போது ரிகர்ஷன் வேண்டாம் என்று சேர்த்துக் கேளுங்கள். விடையில் ஏஏ என்ற கொடி இருக்கிறதா? இல்லையென்றால் அந்த சர்வர் தன்னைப் பொறுப்பாளி என்றே நினைக்கவில்லை. எல்லா மூல சர்வரும் சரியாகச் சொன்னால் பழுது உங்களிடம் இல்லை. நடுவில் இருக்கும் ரிசால்வரின் கேஷிலோ, கேட்பவரின் மெஷினிலோ இருக்கிறது. சர்வ்ஃபெயில் வரும் பெயரை, கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டாம் என்னும் சிடி கொடியோடு திரும்பக் கேட்டுப் பாருங்கள். அப்போது விடை வந்தால் டிஎன்எஸ்செக்தான் காரணம் என்று அநேகமாக முடிவுக்கு வந்துவிடலாம்.

இவ்வளவையும் செய்யப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடமும் அண்ணாச்சி போனில் சத்தம் போடத்தான் செய்வார். பணிவாகப் பதில் சொல்லிக்கொண்டே பாருங்கள்.

3. சீரியல் எண்ணை ஏற்றாமல் சோன் ஃபைலை மூடாதீர்கள். எஸ்ஓஏ ரெக்கார்டில் இருக்கும் அந்த எண் கூடியிருந்தால்தான் துணை சர்வர் புது நகலை எடுக்கும். ஏற்ற மறந்தால் முதன்மை சர்வர் புதியதைச் சொல்லும், துணை பழையதைச் சொல்லும். கேட்பவர்களில் பாதிப் பேர் புதுத் தளத்துக்கும் மீதிப் பேர் பழைய தளத்துக்கும் போவார்கள். நீங்கள் பார்க்கும்போது சரியாக இருக்கும். அண்ணாச்சி பார்க்கும்போது தப்பாக இருக்கும். ஆண்டு, மாதம், தேதி, அன்றைய வரிசை எண் என்று பத்து இலக்கத்தில் எழுதுவது வழக்கம். 2026071501 என்பது போல. ஆண்டைத் தட்டும்போது இலக்கம் இடம் மாறி 2062 என்று விழுந்தால் அதைக் குறைத்து எழுதிப் பயனில்லை, துணை சர்வர் ஏற்காது. அந்த எண்ணோடு 2147483647-ஐக் கூட்டி, 4294967295-ஐத் தாண்டினால் 4294967296-ஐக் கழித்துக்கொண்டு, துணை சர்வர்கள் எல்லாம் அதை எடுத்த பிறகு சரியான எண்ணுக்கு வாருங்கள். 32 பிட் எண் சுற்றி வருவதால் இது நடக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எல்லா சர்வரிடமும் எஸ்ஓஏ-வைக் கேட்டு எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

4. கடைசிப் புள்ளி. சோன் ஃபைலில் முழுப் பெயரை எழுதி முடிவில் புள்ளி வைக்காவிட்டால், சர்வர் அந்தப் பெயரோடு டொமைன் பெயரை இன்னொரு முறை ஒட்டிவிடும். மெயில் சர்வர் பெயர் இப்படி இரட்டித்துப்போனால் கடைக்கு வரும் கடிதம் எல்லாம் இல்லாத விலாசத்தைத் தேடி அலையும்.

பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2009 அக்டோபர் 12 அன்று சுவீடன் நாட்டின் டாட் எஸ்இ பதிவேட்டில் வழக்கமான பராமரிப்பு வேலை நடந்தது. சோன் ஃபைலை உருவாக்கும் ஸ்கிரிப்டில் ஒரு பிழை. கடைசிப் புள்ளி சேரவில்லை. சுமார் 9 லட்சம் டொமைன்கள் கொண்ட ஒரு நாட்டின் பெயர்கள் முழுக்க விடையில்லாமல் போயின. திருத்திய ஃபைலை ஒரு மணி நேர அளவில் வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் தவறான விடை உலகம் முழுக்க ரிசால்வர்களின் கேஷில் உட்கார்ந்திருந்தது. அது தீர ஒரு நாள் வரை ஆனது. திருத்தம் ஒரு மணி நேரம், விளைவு ஒரு நாள். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

நேம்டு செக்சோன் கருவியை ஓட்டாமல் ரீலோட் கொடுக்காதீர்கள். கான்ஃபிக் ஃபைலுக்கு நேம்டு செக்கான்ஃப் இருக்கிறது. இரண்டும் நல்ல கருவிகள். ஆனால் விட்டுப்போன எல்லாப் புள்ளியையும் அவை பிடிக்காது. ரீலோட் செய்த பிறகு மாற்றிய பெயரை டிக்கில் கேட்டு, விடையைக் கண்ணால் எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

5. இடம் மாற்றும் வேலையை டிடிஎல் பார்த்துத் திட்டமிடுங்கள். டிடிஎல் என்பது ஒரு விடையைக் கேஷில் எத்தனை விநாடி வைத்திருக்கலாம் என்று நாமே கொடுக்கும் அனுமதி. 86400 என்று எழுதியிருந்தால் ஒரு நாள். கடையின் தளத்தைப் புது ஹோஸ்டிங்குக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால், குறைந்தது ஒரு நாள் முன்னதாக அதை 300 ஆக்குங்கள். பழைய 86400 முழுதாகக் கழியும்வரை பொறுங்கள். பிறகு விலாசத்தை மாற்றுங்கள். எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்ததும் டிடிஎல்லைப் பழையபடி உயர்த்துங்கள். மாற்றிய பிறகு டிடிஎல்லைக் குறைப்பதில் ஒரு பலனும் இல்லை. பழைய விடையை வாங்கிச் சென்றவர்கள் பழைய அனுமதியோடுதான் போயிருக்கிறார்கள்.

நேம் சர்வர்களையே மாற்றும்போது கணக்கு வேறு. டாட் காம் பதிவேடு என்எஸ் ரெக்கார்டுகளை 1,72,800 விநாடிக்குக் கொடுக்கிறது, இரண்டு நாள். உங்கள் சோன் ஃபைலில் என்ன குறைத்தாலும் அது குறையாது. ஆகவே பழைய நேம் சர்வரை உடனே அணைத்துவிடாதீர்கள். ஒரு வாரமாவது அதுவும் சரியான விடையோடு ஓடட்டும். பழைய ஹோஸ்டிங்குக்கு ஒரு மாதப் பணம் கூடுதலாகக் கட்டுவதில் தயங்கும் முதலாளிக்கு இதைப் பொறுமையாக விளக்குவதும் உங்கள் வேலைதான்.

இல்லாத பெயரும் கேஷில் ஏறும் என்பதைப் பலர் அறிவதில்லை. 1998-ல் வந்த ஆர்எஃப்சி 2308 அதற்கு விதி வகுத்தது. எஸ்ஓஏ ரெக்கார்டின் கடைசி எண்ணும் அந்த ரெக்கார்டின் டிடிஎல்லும் சேர்ந்து, இல்லை என்ற விடை கேஷில் தங்கும் நேரத்தைத் தீர்மானிக்கும். எது குறைவோ அது. புதுப் பெயரை உருவாக்கும் முன்பே “வந்துவிட்டதா” என்று தட்டிப் பார்த்தால், இல்லை என்ற விடை உங்கள் அலுவலக ரிசால்வரில் தங்கிவிடும். பிறகு உருவாக்கியும் அந்த நேரம் கழியும்வரை வராது.

6. இரண்டு நேம் சர்வரையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. ஓரிடத்தில் நடந்தது அடுத்த இடத்துக்குப் பரவக் கூடாது என்பதற்காக. உயிர் காக்கும் அந்த விதியின் எடை நம் வேலைக்கு இல்லை. ஆனால் காரணம் அதேதான். ஒரே ரேக், ஒரே யுபிஎஸ், ஒரே ஃபைபர் இணைப்பு என்று இரண்டு சர்வர் வைத்திருந்தால், சாலை வேலைக்குத் தோண்டும் ஜேசிபி ஒரே வெட்டில் இரண்டையும் நிறுத்திவிடும். ஒன்று சிவகாசியில் இருந்தால் மற்றது சென்னையிலோ மும்பையிலோ, வேறு நிறுவனத்தின் இணைப்பில் இருக்கட்டும். 1997-லேயே ஆர்எஃப்சி 2182 இதை எழுதி வைத்திருக்கிறது.

2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணி வாக்கில் ஃபேஸ்புக்கும் வாட்ஸப்பும் நின்றது நினைவிருக்கலாம். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 4. சரியாக ஒரு மாதம் முன்பு. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் வலையைத் துண்டித்தது. டேட்டா சென்டரோடு பேச முடியாவிட்டால் தன் வழியை இணையத்துக்கு அறிவிப்பதை நிறுத்திக்கொள் என்று அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களுக்கு ஏற்பாடு. எல்லா சர்வரும் ஒரே காரணத்துக்காக ஒரே நேரத்தில் ஒதுங்கிக்கொண்டன. சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. யாராலும் அவற்றை எட்ட முடியவில்லை. கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆனது. எண்ணிக்கை எத்தனை என்பதைவிட, எல்லாவற்றையும் ஒன்றாகச் சாய்க்கக்கூடிய காரணம் எது என்று கேட்டுப் பாருங்கள்.

துணை சர்வர் வைத்தவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எஸ்ஓஏ-வில் எக்ஸ்பயர் என்று ஒரு காலம் உண்டு. 1209600 என்று இருந்தால் 14 நாள். முதன்மை சர்வர் கெட்டுப்போனால் துணை சர்வர் அத்தனை நாளும் கடமையைச் செய்யும், யாருக்கும் எதுவும் தெரியாது. பதினான்காம் நாள் முடிந்ததும் அதுவும் சர்வ்ஃபெயில் சொல்ல ஆரம்பிக்கும். புரட்டாசி முதல் வாரம் கெட்ட ஹார்ட் டிஸ்க், கடை நிரம்பி வழியும் நாளில் வந்து கழுத்தைப் பிடிக்கும். விடை வருகிறதா என்று மட்டும் கண்காணித்தால் போதாது. சோன் டிரான்ஸ்ஃபர் நடக்கிறதா என்றும் கண்காணியுங்கள்.

7. டிசிபி 53-ஐயும் திறந்து வையுங்கள். டிஎன்எஸ் என்றால் யுடிபி மட்டும்தான் என்று சொல்லிக்கொடுப்பது தவறு. பெரிய விடைகளும் சோன் டிரான்ஸ்ஃபரும் டிசிபி-யில் வரும். 2020 அக்டோபர் 1 முதல் யுடிபி விடையின் அளவை 1232 பைட்டுக்குள் வைக்கும்படி மென்பொருள் ஆக்குவோர் சேர்ந்து பரிந்துரைத்தார்கள். அதைத் தாண்டினால் டிசிபி-க்குப் போக வேண்டும். ஃபயர்வால் அதை மறித்தால் சில பெயர்கள் மட்டும், சில நேரம் மட்டும் வராது. இந்த மாதிரிப் பழுதுதான் ஆளைக் குழப்பும்.

8. டைனமிக் அப்டேட் இயங்கும் சோனை நேரடியாக எடிட்டரில் திறக்காதீர்கள். பைண்ட் தன் மாற்றங்களை ஜர்னல் ஃபைலில் வைத்திருக்கும். ஆர்என்டிசி ஃப்ரீஸ் கட்டளை கொடுத்து, திருத்தி, பிறகு ஆர்என்டிசி தாவ் கட்டளை கொடுங்கள். சோன் ஃபைல்களை கிட்டில் வைத்துக்கொள்ளுங்கள். யார், என்று, ஏன் மாற்றினார் என்பது ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

9. தானாக ஓடும் ஸ்கிரிப்டுக்கு ஒரு தடுப்பு வையுங்கள். 2025 அக்டோபர் 20, தீபாவளி நாள் பகலில் அமேசானின் வர்ஜீனியா டேட்டா சென்டர் வட்டாரத்தில் டைனமோடிபி சேவையின் டிஎன்எஸ் ரெக்கார்டு காலியாகிவிட்டது. ரெக்கார்டுகளைப் புதுப்பிக்கும் இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று முந்தியதில், பழைய திட்டம் புதியதன் மேல் ஏறியது. பிறகு பழையது என்று துப்புரவு நிரல் அதை நீக்கியது. விலாசம் ஒன்றுகூட மிச்சமில்லை. பெயர்ப் பழுதைச் சரிசெய்ய இரண்டரை மணி நேரம் போல ஆனது, அதன் பின்விளைவு அன்று முழுக்க நீடித்தது. உங்கள் ஸ்கிரிப்ட் அதில் கோடியில் ஒரு பங்குகூட இருக்காது. இருந்தாலும், புது சோன் ஃபைல் காலியாக இருந்தாலோ, பழையதைவிட வெகுவாகச் சிறுத்திருந்தாலோ ஏற்றாதே என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்?

10. கடிகாரம் சரியாக ஓடட்டும். டிஎன்எஸ்செக் கையெழுத்துக்குத் தொடக்க நேரமும் முடிவு நேரமும் உண்டு. கரன்ட் போய் வந்த பழைய மெஷினில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அந்த ரிசால்வர் சரியான கையெழுத்தையும் செல்லாது என்று தள்ளும். நேரத்தைச் சரியாக வைக்கும் குரோனியை ஓட விடுங்கள்.

ரூட் சோனுக்கு டிஎன்எஸ்செக் கையெழுத்திட்டது 2010 ஜூலை 15-ல். காமராஜர் பிறந்த நாள், நம் ஊரில் யாருக்கும் மறக்காது. அதன் சாவியை முதல் முறையாக மாற்றியது 2018 அக்டோபர் 11-ல். ஓராண்டு முன்பே செய்ய வேண்டியதைத் தயாராகாத ரிசால்வர்கள் இருக்கின்றன என்று தள்ளிவைத்துச் செய்தார்கள். உங்கள் டொமைனின் சாவியை மாற்றும்போதும் அந்த நிதானம் வேண்டும். பதிவேட்டில் இருக்கும் டிஎஸ் ரெக்கார்டும் உங்கள் சாவியும் பொருந்தாத ஒரு கணம்கூட இருக்கக் கூடாது. பழைய சாவி, புதுச் சாவி இரண்டும் சேர்ந்து இருக்கும் காலத்தை டிடிஎல் கணக்கிட்டு விடுங்கள். சிக்கல் வந்தவுடன் ரிசால்வரில் சரிபார்ப்பையே அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள், அணைத்தவர் திரும்பப் போட்டதை நான் பார்த்ததே அபூர்வம்.

11. பேட்ச் வந்தால் போடுங்கள், ரிசால்வரை ஊருக்குத் திறந்துவிடாதீர்கள். 2008 ஜூலையில் டான் காமின்ஸ்கி கண்டுபிடித்த பலவீனம் மென்பொருள் ஆக்குவோர் பலரை ஒரே நாளில் பேட்ச் வெளியிட வைத்தது. கேள்வி புறப்படும் போர்ட் எண் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும் என்பது அதன் மருந்து. அதற்கு முந்தைய காலக் குறிப்புகளைப் பார்த்து நகலெடுத்த கான்ஃபிக்கில் போர்ட்டை 53 என்று கட்டிப்போடும் வரி இன்னும் கிடக்கலாம். பார்த்தால் நீக்குங்கள். 2015 ஜூலையில் ஒரே ஒரு பாக்கெட் அனுப்பி பைண்டை நிறுத்த முடியும் என்று தெரிந்தது. 2024 பிப்ரவரியில் கீட்ராப் என்ற பலவீனம் வெளிவந்தது. பைண்டில் 9.18, 9.20 என்று இரட்டைப்படை எண்கள் நிலையானவை, ஒற்றைப்படை எண்கள் சோதனைக்கு. அலுவலக முகவரிகளுக்கு மட்டும் ரிகர்ஷன் கொடுங்கள். திறந்து கிடக்கும் ரிசால்வர், பிறரைத் தாக்குபவன் கையில் கிடைத்த ஆயுதம். 2013 மார்ச்சில் ஸ்பாம்ஹவுஸ் மீது நடந்த தாக்குதல் அப்படிப்பட்ட சர்வர்களால்தான் அவ்வளவு பெரிதானது.

12. டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். சர்வர் அறிவு கொஞ்சமும் தேவைப்படாத இந்தக் கேள்வியால் காப்பாற்றப்பட்ட கடைகளை நான் அறிவேன்; கேட்காமல் விட்டதால் பெயரை இழந்த கடைகளையும் அறிவேன். வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் சொந்த மின்னஞ்சலில் டொமைனைப் பதிந்திருப்பார். அவர் வேலை மாறி வெளியூர் போய்விடுவார். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் அவருடைய பழைய பெட்டிக்குப் போகும். டாட் இன் பெயர்கள் 2005-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. நிக்ஸி என்கிற இந்திய தேசிய இணையப் பரிமாற்ற அமைப்புதான் அதன் பதிவேட்டைக் கவனிக்கிறது. காலக்கெடு கடந்து விடுவிக்கப்பட்ட பெயரை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்தவர் அண்ணாச்சியின் இருபது வருடப் பெயரில் பணம் வசூலிக்கலாம்.

தீபாவளி நெருங்கினால் பட்டாசு மலிவு விலை என்று போலித் தளங்கள் முளைப்பதும், தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு போலீசார் எச்சரிக்கை விடுவதும் நீங்கள் அறிந்ததே. பட்டாசை இணைய வணிகத் தளங்கள் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உத்தரவிட்டும் இந்த மோசடி நிற்கவில்லை. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி, குறைத்து அவர்கள் பதிவார்கள். அதை உங்கள் சர்வரால் தடுக்க முடியாது. ஆனால் கடையின் பெயரில் போலிக் கடிதம் போவதை எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ரெக்கார்டுகளால் பெருமளவு தடுக்கலாம். அவை உங்கள் சோன் ஃபைலில்தான் இருக்க வேண்டும். ஏமாந்தவர் யாராவது வந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லச் சொல்லுங்கள்.

பதிவுக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள், டிரான்ஸ்ஃபர் பூட்டு போடுங்கள். 2021 பிப்ரவரி 6 அன்று இலங்கையின் டாட் எல்கே பதிவேட்டில் ஊடுருவி, கூகுள் உட்படச் சில டாட் எல்கே பெயர்களுக்குப் போனவர்களை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். கூகுளின் சொந்த சர்வர்களில் எந்தக் குறையும் இல்லை. மேல் படியில் கை வைத்தால் கீழே எவ்வளவு பத்திரமாக இருந்தும் பயனில்லை.

13. தமிழ்ப் பெயர் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்திலேயே உள்ளன. சோன் ஃபைலில் அவை எக்ஸ்என் என்று தொடங்கும் ரோமன் எழுத்து வடிவத்தில்தான் இருக்கும். கருவியால் மாற்றி ஒட்டுங்கள், கையால் தட்டாதீர்கள். திரும்பத் தமிழாக்கிப் படித்துச் சரிபாருங்கள்.

14. வைகாசி, ஆனியில் ஒரு முறை சர்வரைத் திட்டமிட்டு அணைத்துப் போடுங்கள். தானாக எழுகிறதா? 53-ஆம் போர்ட்டை சிஸ்டம்டி ரிசால்வ்டு பிடித்துக்கொண்டு பைண்டை எழவிடாமல் செய்கிறதா? கொயரி லாக் யாரோ திறந்துவிட்டு மறந்து டிஸ்க் நிரம்பிக் கிடக்கிறதா? யுபிஎஸ் எத்தனை நிமிடம் நிற்கிறது? எர்த்திங் இருக்கிறதா? ஐப்பசி இடி மின்னலுக்கு முன் இவை தெரிந்தாக வேண்டும். பிறகு ஆடிக்குள் எல்லா மாற்றத்தையும் முடித்துவிடுங்கள். புரட்டாசி பிறந்தால் தீபாவளி கழியும்வரை பாதுகாப்பு பேட்ச் தவிர எதையும் தொடாதீர்கள். முதலாளி அவசரப்படுத்தினாலும் மறுத்துச் சொல்லுங்கள். தீபாவளி கழிந்து ஆலைகள் ஓய்ந்திருக்கும் நாட்கள் பெரிய மாற்றங்களுக்கு ஏற்றவை.

15. இது உங்களுக்கும் உங்கள் ஆசிரியர்களுக்கும் சேர்த்து. புத்தகத்தில் படம் பார்த்து டிஎன்எஸ் வராது. நம் மாவட்டத்துக் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆளுக்கொரு உண்மையான டொமைனையும் ஒரு சின்ன சர்வரையும் கொடுத்து, ஒரு பருவம் முழுக்க அவர்களையே நடத்தச் சொல்ல வேண்டும். செலவு பெரிதாக ஆகாது. அதுவரைக்கும் காத்திருக்காமல் இந்த வாரமே உங்கள் தெருக் கடை ஒன்றின் பெயரை எடுத்து, எத்தனை நேம் சர்வர், எஸ்ஓஏ எண் ஒன்றாக இருக்கிறதா, டொமைன் எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். பார்த்ததை ஒரு தாளில் எழுதி, கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.